பனங்குருத்துப் பின்னலில் அகல விளிம்பு வெயில் தொப்பி

கடைகளில் 'ஸ்ட்ரா ஹேட்' என்று தொங்கும் பெண்கள் தொப்பிகளில் பலவற்றின் உள்பட்டியைப் புரட்டிப் பார்த்தால் 'பேப்பர்' என்றுதான் சீட்டில் இருக்கும். முறுக்கிய காகித நூல் அது. பார்வைக்குக் குறையில்லை, ஒரு மழை பட்டால் விளிம்பு தொங்கிவிடும். நல்ல சரக்கு என்றால் மடகாஸ்கரின் ராஃபியா, ஈக்வடோரின் டோக்கியா. ராஃபியா பனைக் குடும்பம். டோக்கியா ஓலை பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் பனை இனமல்ல. அதில் தொப்பி முடையும் ஈக்வடோர் கலையை யுனெஸ்கோ 2012-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் இவ்விரண்டுக்கும் ஈடாக நிற்கக்கூடியது பனங்குருத்து. மணப்பாட்டிலும் பழவேற்காட்டிலும் பெட்டி முடைகிற அதே ஓலைதான். மெல்லிய வாராகக் கிழித்து, பட்டைப் பின்னலாகப் பின்னி, சுற்றிச் சுற்றித் தைத்தால் ஐரோப்பியத் தையல் தொப்பிகளின் அமைப்பு அப்படியே வந்துவிடும்.

வேலைக்குள் போகுமுன் ஒரு விஷயம். இந்த வகைத் தொப்பிக்கு வடிவம் கொடுப்பது அச்சு அல்ல, கஞ்சியும் அல்ல. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட எத்தனை சென்டிமீட்டர் கூடுகிறது என்பதுதான் வடிவம். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் மெருகு வேலை. கணக்கு தவறினால் எவ்வளவு ஆவி காட்டினாலும் விளிம்பு அலையடிக்கும், இல்லையென்றால் மணி மாதிரி கவிழ்ந்துகொள்ளும். ஆகவே கீழே அளவுகளைத்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

அளவு

தலைச் சுற்றளவை நெற்றியின் நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் டேப் படும்படி எடுக்கவும். இங்கே எடுத்துக்கொண்டது 56 செ.மீ. உள்பட்டியின் தடிமனுக்கு 1 செ.மீ. சேர்த்து, தொப்பியின் வாய் 57. தலை வட்டமல்ல, முன்பின் நீளம். அதனால் உச்சியை ஒரு புள்ளியில் தொடங்காமல் 4 செ.மீ. நேர்கோட்டில் தொடங்குகிறோம். அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போனால், இரு பக்கமும் 4 செ.மீ. நேராகவும் முன்னும் பின்னும் அரைவட்டமாகவும் ஒரு நீள்வட்டம் வரும். சுற்றளவு 57 ஆகும்போது அதன் அகலம் 15.6, நீளம் 19.6 செ.மீ. இதை ஒரு தடித்த அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும்.

விளிம்பு அகலம் 10 செ.மீ. ஆஸ்திரேலியப் புற்றுநோய்க் கவுன்சில் பெரியவர்களின் வெயில் தொப்பிக்குக் குறைந்தது 7.5 செ.மீ. விளிம்பு கேட்கிறது. 10 வைத்தால் சூரியன் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது விளிம்புக்குக் கீழே 17 செ.மீ. நிழல், 45 பாகையில் 10 செ.மீ., 30 பாகையில் 6 செ.மீ.கூட இல்லை. மாலை நாலரை மணி வெயிலில் எந்தத் தொப்பியும் தாடையைக் காப்பாற்றாது என்பது இதில் தெரியும். 14, 15 செ.மீ. விளிம்பு படத்துக்கு அழகு. கடற்கரைக் காற்றில் ஒரு கை எப்போதும் தலைமேல்தான் இருக்கும்.

பின்னலின் அகலம் 12 மி.மீ. அடுத்தடுத்த சுற்றுகள் 3 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆக ஒரு சுற்றுக்கு 9 மி.மீ. வளர்ச்சி. இந்தக் கணக்கில் உச்சிக்கும் (தலைமேல் வரும் தட்டைப் பகுதி) சுவருக்கும் (தலையைச் சுற்றி நிற்கும் பகுதி) விளிம்புக்கும் சேர்த்து 18 மீட்டருக்குச் சற்று மேல் பின்னல் பிடிக்கும். தொடக்கம், முடிவு, வெட்டி எறிவது எல்லாம் சேர்த்து 21 மீட்டர் பின்னிக்கொண்டு தையலுக்கு உட்காரவும். பாதியில் தீர்ந்து போய்ப் புதிதாகப் பின்னினால் நிறமும் இறுக்கமும் ஒத்துவராது. விளிம்பில் அது கோடு போட்டுக் காட்டும்.

ஓலை

விரியாத குருத்துதான் வேண்டும். விரிந்து பச்சை ஏறிய ஓலை தடிமன், மடித்த இடத்தில் உடையும். முற்றிக் காய்ந்த காவோலை வேலிக்குத்தான் ஆகும். ஒரு மரத்தில் ஒரே சமயத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. குருத்தை ஆழமாக வெட்டி அந்த நுனியில் அரிவாள் பட்டால் மரமே போய்விடும். ஆகவே இந்த வேலை மரமேறத் தெரிந்தவருடையது.

குருத்தை விசிறிபோல் பிரித்து, ஒவ்வொரு ஓலையையும் தனித்தனியாக்கி, வெயிலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காய வைக்கவும். இளம் மஞ்சள் போய் தந்த நிறம் வரும். இரவில் பனியில் விட்டு மறுநாள் வெயிலில் போட்டால் வெளுப்பு கூடும். ஆனால் மழைத்தூறல் பட்டால் கறுப்புப் புள்ளி விழும், அது பிறகு போகாது. காய்ந்ததும் நடு ஈர்க்கைச் சத்தகம் என்ற சிறு கத்தியால் நீக்கினால் ஓர் ஓலைக்கு இரண்டு இதழ்.

இதழின் அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் வேண்டாம். அடி தடிமன், நுனி ஒடுங்கல். நடுவில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரே தடிமனாக இருக்கும் பகுதியை மட்டும் வாருங்கள். வாரின் அகலம் 2.5 மி.மீ. இது கண்ணால் வராது. ஷேவிங் பிளேடுகளை இடையே 2.5 மி.மீ. அட்டைத் துண்டு வைத்து மரக்கட்டையில் திருகினால் சீரான வார் கிடைக்கும். ஓலையைக் கட்டைமேல் வைத்து அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பிளேடு நாருக்கு நேராக ஓடாமல் கோணலாகப் போனால், வார் ஒரு பக்கம் மெலிந்து வரும். அந்த வார் பின்னும்போது கட்டாயம் அறும், அதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

எவ்வளவு வார் வேண்டும்? ஏழு வார்ப் பின்னலில் ஒவ்வொரு வாரும் சரிவாக ஓடுவதால், 1 மீட்டர் பின்னலுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.45 மீட்டர் இழுக்கும். 21 மீட்டருக்கு 213 மீட்டர் வார். ஓர் ஓலைக்கு எட்டுப் பத்து நல்ல வார் தேறும். ஒட்டு போடும் இடத்துக்குக் கழித்தால் நிகரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய குருத்து ஒன்றிலேயே தொப்பி முடிந்துவிடும், என்றாலும் இன்னொரு மரத்திலிருந்து இரண்டாவது குருத்து கையிருப்பில் இல்லாமல் தொடங்காதீர்கள். வெயிலில் கறுத்ததும் பூச்சி தின்றதும் கணக்கைக் கெடுக்கும்.

ஈரம்

பின்னும்போது வார் காய்ந்தும் இருக்கக் கூடாது, நனைந்தும் இருக்கக் கூடாது. தண்ணீரில் ஊறப்போட்டால் வார் உப்பும். அந்த நிலையில் இறுக்கமாகப் பின்னியது காய்ந்ததும் சுருங்கி, இடைவெளி விட்டு, வெளிச்சம் தெரியும். வெயில் தொப்பியில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை. சரியான பதம்: பிழிந்த காடாத் துணியில் வார்க்கட்டைச் சுற்றி ஓர் இரவு வைத்தால் போதும். ஒரு வாரைப் பென்சிலில் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். நார் பிளக்காமல் சுற்றினால் பதம் வந்துவிட்டது. விரலில் ஈரம் ஒட்டினால் பதம் தாண்டிவிட்டது, கொஞ்சம் காற்றாட விடுங்கள். ஒரு நாளில் பின்னித் தீரக்கூடிய வாரை மட்டும் நனைக்கவும். ஈரத்துணிக்குள் இரண்டு நாள் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும்.

ஏழு வார்ப் பின்னல்

ஏழு வார்களையும் ஒரே நீளத்தில் எடுக்காதீர்கள். எல்லாம் ஒரே இடத்தில் தீர்ந்தால் எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் விழும். ஒவ்வொன்றையும் 6, 7 செ.மீ. வித்தியாசத்தில் வெட்டித் தலைப்பைக் கிளிப்பில் பிடியுங்கள். இடக்கையில் மூன்று, வலக்கையில் நான்கு. வலது ஓரத்து வாரை உள்நோக்கி மடித்து, பக்கத்து வாருக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, அதற்கடுத்ததற்கு மேலே கொண்டுபோய் இடப்பக்கத்தோடு சேர்க்கவும். இப்போது இடக்கையில் நான்கு. இடது ஓரத்து வாரை அதே மாதிரி மேலே, கீழே, மேலே கொண்டுவந்து வலப்பக்கம் சேர்க்கவும். இவ்வளவுதான் பின்னல். ஓரத்தில் மடியும் ஒவ்வொரு முறையும் வாரின் மேல்முகம் கீழ்முகமாகப் புரளும். ஓலையின் ஒரு முகம் பளபளப்பு, மறுமுகம் மங்கல். ஆகவே பின்னலில் மெல்லிய மினுமினுப்புக் கோலம் தானாக விழும். பனங்குருத்துக்கே உரிய இந்த அழகை வண்ணம் அடித்து மறைக்காமல் இருப்பது நல்லது.

வார் தீரும்போது புது வாரைப் பழையதன் மேலேயே வைத்து, இரண்டும் சேர்ந்து நான்கைந்து கண்ணிகள் ஓடிய பிறகு பழையதை விட்டுவிடவும். ஒட்டு நடுவில் விழ வேண்டும், ஓர மடிப்பில் விழவே கூடாது. ஓரத்தில் இரட்டை வார் மடிந்தால் அந்த இடம் தடித்து, தைக்கும்போது ஊசி விலகும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைப் பின்னி முடித்துக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஈரத்தில் ஒட்ட வெட்டினால் காய்ந்து சுருங்கும்போது முனை உள்ளே போய் ஒட்டு கழன்றுகொள்ளும்.

பின்னி முடித்ததைப் பூரிக்கட்டையால் உருட்டித் தட்டையாக்கி, பலகையில் சுற்றி, நிழலில் காய விடுங்கள். காய்ந்த பிறகு அகலத்தை அளந்தால்தான் அது உண்மையான அளவு. 12-க்குப் பதில் 11.5 வந்தால் ஒரு சுற்றின் வளர்ச்சி 8.5 மி.மீ. கீழே வரும் எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

உச்சி

தையலுக்கு 40-ஆம் நம்பர் நூல், தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தது. ஊசி மெல்லியதாக இருக்கட்டும். வெளிப்பக்கம் தையல் ஒரு மில்லிமீட்டர் புள்ளியாகத் தெரிய வேண்டும், உள்பக்கம் 8 மி.மீ. சாய்வாக ஓட வேண்டும். பின்னலின் கண்ணிக்குள் ஊசி நுழைய வேண்டும், வாரைக் குத்திக் கிழிக்கக் கூடாது.

பின்னலின் தலைப்பை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, 4 செ.மீ. நேராக வைத்து, திரும்பி அதன் பக்கத்திலேயே வரவும். இனி எப்போதும் புதுச் சுற்று பழைய சுற்றுக்குக் கீழே நுழையட்டும். தொப்பியைத் தலையில் வைக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடியிருந்தால்தான் தண்ணீர் வழிந்தோடும், வெளியிலிருந்து தையலும் தெரியாது.

12 மி.மீ. அகலப் பின்னல் ஒரு முழுச் சுற்று திரும்பும்போது அதன் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட ஏறத்தாழ 7.5 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். சுற்று பெரிதோ சிறிதோ இந்த வித்தியாசம் மாறாது. விளிம்பின் கடைசியில் 120 செ.மீ. சுற்றில் இது ஒன்றுமே இல்லை, பின்னல் தானாக வளைந்துகொடுக்கும். உச்சியின் முதல் சுற்றில் இதே 7.5 செ.மீ.யைச் சில அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் முதல் மூன்று சுற்றில் மேடு விழுகிறது. அந்தச் சுற்றுகளில் மட்டும் பின்னலை நன்றாக ஈரப்படுத்தி, உள் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருக்கிச் சுருக்கிக்கொண்டே தைக்கவும். வார் நாற்பத்தைந்து பாகைச் சரிவில் ஓடுவதால் பின்னல் நெருங்கவும் விரியவும் செய்யும். முதல் நான்கைந்து சுற்றுக்குக் கையே சிறந்தது. மெஷினின் கால் அவ்வளவு சிறிய வளைவில் திரும்பாது.

ஆறு சுற்று தட்டையாகப் போகவும். ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றளவு 5.6 செ.மீ. கூட வேண்டும். ஆறு முடிந்ததும் சுற்றளவு 46 செ.மீ. பக்கம் நிற்கும். ஈரத்துணி போட்டு இஸ்திரி ஓட்டி, மேசையில் வைத்துப் பாருங்கள். நடு எழும்பி நின்றால் பின்னலை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். ஓரம் அலை அலையாக இருந்தால் தளர்த்திக் கொடுத்துவிட்டீர்கள்.

தோளும் சுவரும்

உச்சியிலிருந்து சுவருக்கு இறங்கும் வளைவுக்கு மூன்று சுற்று. முதலாவது 5.5 செ.மீ. கூடட்டும், இரண்டாவது 4, மூன்றாவது 1.5. இந்த மூன்று எண்ணும் ஒழுங்கான கால்வட்ட வளைவைத் தரும், 57-க்கும் கொண்டுவந்து சேர்க்கும். மூன்றையும் சமமாகப் பிரித்தால் வளைவு வராது, கூம்பு வரும். அட்டையை உள்ளே வைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் 1 செ.மீ. பிசகினால் சுவர் முழுக்க அந்தப் பிசகு கூடவே வரும்.

சுவரில் ஒன்பது சுற்று, கூடுதல் எதுவுமில்லை. தோளோடு சேர்த்து ஆழம் 10 செ.மீ. பக்கம் வரும். சுவர் தைக்கும்போது கை தன்னறியாமல் இறுக்கும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை வாயை டேப்பால் அளக்காவிட்டால் கீழே போகப்போக 55 ஆகியிருக்கும். ஈரம் காட்டி இழுத்துப் பெரிதாக்கலாம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்தால் பழைய அளவுக்கே போய்விடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

விளிம்பு

சுவரின் கடைசிச் சுற்றில் நான்கு இடத்தில் கலர் நூல் முடியுங்கள்: முன் நடு, பின் நடு, இரண்டு காதுகள். பின் நடுதான் எண்ணும் இடம்.

தட்டை விளிம்புக்குச் சுற்றுக்கு 5.65 செ.மீ. கூட வேண்டும். வாய் 57-லிருந்து 62.6, 68.3, 74, 79.6 என்று ஏறி, பதினோராவது சுற்றில் 119-க்கு வரும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும் விளிம்பு, அதாவது கிடைமட்டத்திலிருந்து 30 பாகை, வேண்டுமென்றால் சுற்றுக்கு 4.9 போதும். அது 111-இல் முடியும். முகத்துக்குச் சாய்வு விளிம்புதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. பக்கவாட்டு வெயிலையும் அது தடுக்கும், கம்பி இல்லாமலேயே ஓரளவு நிற்கும்.

முழுச் சுற்றை அளந்து பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மீட்டர் தைத்திருப்போம். ஆகவே நான்கு நூல்களுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு கால்பங்கிலும் தனித்தனியாக அளக்கவும்: தட்டைக்கு 1.4 செ.மீ., சாய்வுக்கு 1.2 செ.மீ. கூடியிருக்க வேண்டும். இந்தக் கூடுதல் முழுவதும் முன் வளைவிலும் பின் வளைவிலும்தான் போக வேண்டும். காதுக்கு மேலே இருக்கும் 4 செ.மீ. நேர்ப்பகுதியில் பின்னலை இழுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். பலருக்கு இங்கேதான் குழப்பம். சுற்று முழுக்கச் சமமாகத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, மொத்த அளவு சரியாக இருக்கிறதே, ஏன் காதுப்பக்கம் அலையடிக்கிறது, முன்பக்கம் ஏன் குவிகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சுவரிலிருந்து விளிம்புக்குத் திரும்பும் முதல் சுற்று தனிக் கவனம் கேட்கும். ஒன்பது சுற்றாகக் கூடுதலே கொடுக்காமல் பழகிய கை, இங்கும் அப்படியே போகும். அப்படிப் போனால் தொப்பி மணி வடிவத்துக்கு மாறும். முதல் சுற்றை மட்டும் 5 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்தி, பின்னலை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டு தைத்தால் தப்பு நேராது.

விளிம்புக்கு மெஷின் போடலாம். 14-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3.5 மி.மீ., கால் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கவும். தையலை நெருக்கினால் ஓலை தபால்தலை ஓரம் மாதிரி துளைவரிசையாகி, முதல் மடிப்பிலேயே அந்தக் கோட்டில் கிழியும். தொப்பி இடப்பக்கம் இருக்கட்டும், புதுப் பின்னல் வலப்பக்கமிருந்து அடியில் நுழையட்டும், தொப்பி இடஞ்சுழியாகத் திரும்பும். மெஷின் பல் அடியில் இருக்கும் பின்னலைச் சற்று அதிகமாக இழுத்துக் கொடுக்கும். அது கூடுதலில் சேர்ந்துவிடும் என்பதால் நான்கு நூல் அளவை விடாமல் பாருங்கள். நைலான் நரம்பு நூல் வேண்டாம். பார்வைக்குத் தெரியாது என்று சிலர் போடுகிறார்கள், அதன் வெட்டு முனை நெற்றியைக் குத்தும்.

அளவு பிசகியிருந்தால் எவ்வளவு வரை ஆவியில் சரிசெய்யலாம்? முழுச் சுற்றில் 1 செ.மீ. வரை. அதற்கு மேல் என்றால் இரண்டு மூன்று சுற்று பிரிப்பதே குறைந்த வேலை.

கடைசி 8 செ.மீ. பின்னலை வார் வாராகக் குறைத்து ஒடுக்கி, பின் நடுவில் முந்தைய சுற்றுக்கு அடியில் செருகித் தைத்துவிடவும். சட்டென்று வெட்டி மடித்தால் விளிம்பில் படி தெரியும்.

ஓரக் கம்பி

தட்டை விளிம்புக்குக் கம்பி வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி வியர்வையிலும் கடற்காற்றிலும் துருப்பிடித்து ஓலையில் பழுப்புக் கோடு விடும். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் 2 மி.மீ. நைலான் கயிறு நன்றாக வேலை செய்கிறது: துருவில்லை, பைக்குள் சுருட்டி வைத்தாலும் விரிந்துகொள்ளும். சுருளாக வாங்குவதை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு நேராக்கிய பிறகே பயன்படுத்தவும். இல்லையென்றால் அந்தச் சுருள் விளிம்பில் முறுக்கிக்கொண்டு நிற்கும். விளிம்பின் சுற்றளவுக்குச் சரியாக வெட்டி, இரு முனையையும் 2.5 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாயில் எதிரெதிராகச் செருகி ஒட்டவும். கயிறு ஒரு சென்டிமீட்டர் நீளமானாலும் விளிம்பு எட்டுப்போல முறுக்கும். கடைசிச் சுற்றின் அடியில் வைத்து, 1 செ.மீ.க்கு ஒரு தையல் போட்டுக் கட்டலாம். மேலே இன்னொரு சுற்றுப் பின்னலை வைத்து மூடினால் இன்னும் சுத்தம். அதற்கு 1.2 மீட்டர் கூடுதலாகப் பின்னிக்கொள்ள வேண்டும்.

ஆவியும் விறைப்பும்

மர அச்சு கிடைக்காத ஊரில், வாய்ச் சுற்றளவு 50 செ.மீ. பக்கமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து, முன்னும் பின்னும் துணி வைத்துக் கட்டி நீள்வட்டமாக்கி, அட்டையின் அளவுக்குக் கொண்டுவரலாம். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிவிடவும். இட்லிக் கொப்பரையின் ஆவியில் தொப்பியை இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் ஓலை துவளும். அச்சில் ஏற்றி, சுவரின் அடியில் நாடாவால் இறுக்கிக் கட்டி, விளிம்பைத் தட்டையான பலகையில் படியவைத்து மேலே புத்தகங்கள் வைத்து, ஃபேன் காற்றில் ஓர் இரவு விடவும். வெயிலில் காயப்போட்டால் ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்து கோணிக்கொள்ளும்.

சோற்றுக் கஞ்சி போடுகிற வழக்கம் உண்டு. மொடமொடவென்று நிற்கும், கரப்பானுக்கும் பூசணத்துக்கும் அது விருந்து. ஜெலட்டின் சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் மாலைக்குள் தளர்ந்துவிடும். எங்களுக்குப் பிடித்தது அரக்கு. ஹார்டுவேர் கடையில் பிரெஞ்சு பாலிஷுக்கு என்று கேட்டால் அரக்குச் செதில் கொடுப்பார்கள். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 10 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, உள்பக்கத்திலிருந்து மட்டும் பிரஷால் மெல்லிய பூச்சாக இரண்டு முறை. பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. மழை நாளில் பூசினால் வெண்படலம் படியும். காற்றிலுள்ள ஈரம் ஸ்பிரிட்டோடு கலப்பதுதான் காரணம். வெயில் அடிக்கும் நாளில் ஒரு முறை ஸ்பிரிட்டை மட்டும் தொட்டுத் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அரக்கு ஓலைக்குத் தேன் நிறச் சாயல் தரும். தூய வெண்மை வேண்டுபவர்கள் பி.வி.ஏ. பசையை நான்கு மடங்கு தண்ணீரில் கரைத்துப் பூசலாம், விறைப்பு சற்றுக் குறையும்.

உள்பட்டி

25 மி.மீ. பருத்திக் கிராஸ்கிரெய்ன் ரிப்பன், அதாவது குறுக்கு வரி ஓடிய ரிப்பன். அட்லஸ் (சாட்டின்) ரிப்பன் வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது. நீளம் தலையளவு 56-உம் முனை மடிக்க 2-உம். தொப்பியின் வாயைவிட ரிப்பன் 1 செ.மீ. சிறிதாக இருப்பது வேண்டுமென்றே செய்வது: வியர்வையில் ஓலை இளகி வாய் பெரிதாகாமல் ரிப்பன் பிடித்துக்கொள்ளும். பின் நடுவில் தொடங்கி, கீழ் ஓரத்தை மட்டும் வாயோடு சேர்த்துத் தையுங்கள். மேல் ஓரம் விட்டிருந்தால், தலை சற்றுச் சிறியவருக்குக் கொடுக்கும்போது உள்ளே மடித்த துணிப்பட்டி செருகிக்கொள்ளலாம். காற்று ஊர் என்றால் ரிப்பனுக்குள் காதுப்பக்கம் இரண்டு சிறு வளையம் தைத்து, மோவாய்க் கயிறு மாட்ட வழி வையுங்கள்.

சாயம்

ஓலைக்கூடைகளில் பார்க்கும் கண்ணைப் பறிக்கும் ரோஸ், பச்சை எல்லாம் வெயிலில் நிற்காத சாயங்கள். கூடைக்கு அது பரவாயில்லை, வெயில் தொப்பிக்குச் சரிவராது. மஞ்சள் கிழங்கும் அப்படித்தான், சில வாரத்தில் வெளுத்துவிடும். நிற்கக்கூடியது கடுக்காய்க் கறுப்பு. வார்ந்த ஓலையைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அலசி மெழுகுப்பூச்சைப் போக்கி, ஓலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்ப் பொடி போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த வெதுவெதுப்பான நீரில் போட்டால் சாம்பல் கறுப்பு ஏறும். அன்னபேதியைக் கூட்டினால் நிறம் ஆழமாகும், ஆனால் இரும்பு நாளாக நாளாக நாரை முறியவைக்கும். சாம்பல் நிறத்தோடு திருப்திப்படுவது புத்திசாலித்தனம்.

எங்கே போடுவது? விளிம்பின் அடிப்பக்கம் கறுத்திருந்தால் மணலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எதிரொளிக்கும் கூச்சம் கண்ணுக்குக் குறையும். ஆகவே சாயப் பின்னலை விளிம்புக்கு மட்டும் வைத்து, உச்சியையும் சுவரையும் வெளுப்பாக விடலாம். தலைக்கு மேலே வெளிர் நிறம் சூடு குறைவாகவும் ஏறும். இன்னொரு வழி: ஏழு வாரில் ஒன்றை மட்டும் கறுப்பாக வைத்துப் பின்னினால் ஒரு வளைகோடு ஓடும். சுற்றுகள் அடுக்கும்போது அது தொப்பி முழுக்க நெளிவுக் கோலமாகும். கடைத் தொப்பியில் காசு கொடுத்து வாங்குகிற டிசைன் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பூவும் முத்தும் ஒட்டுவதைவிட இது நாளானாலும் சலிக்காது.

சோதனையும் பழுதும்

முடிந்த தொப்பிக்குள் செல்போன் டார்ச்சை வைத்து இருட்டில் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் அது பின்னல் தளர்ச்சி, கோடாகத் தெரிந்தால் சுற்றுகளின் ஏற்றம் 3 மி.மீ.க்குக் குறைந்த இடம். கோட்டை உள்பக்கம் ஒரு வரிசைக் கைத்தையலால் மூடிவிடலாம். புள்ளிகளுக்கு விளிம்பின் அடியில் மெல்லிய பருத்தித் துணி வைப்பதைத் தவிர வழியில்லை.

தொப்பியை விளிம்பு கீழே படும்படி அலமாரியில் வைக்காதீர்கள், சாய்வு தட்டையாகிவிடும். உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கவும். மழைக்காலத்தில் பூசணம் வந்தால், வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து அரை மணி நேரம் இளவெயில் காட்டினால் போதும்.

விரல் வைத்துப் பிடிக்கும் முன்பக்க விளிம்பிலும் உச்சியின் முன் மடிப்பிலும்தான் முதலில் ஓலை உடையும். உடைந்த வாரை இழுக்க வேண்டாம், இழுத்தால் பக்கத்துக் கண்ணியும் கழலும். அந்த இடத்தை ஈரத்துணியால் பத்து நிமிடம் ஒற்றி, புது வாரின் முனையைச் சாய்வாக வெட்டி, மழுங்கின ஊசியில் கோத்து, உடைந்த வார் போன வழியிலேயே இரு பக்கமும் மூன்று கண்ணி தாண்டிச் செலுத்துங்கள். இரண்டு மூன்று வார்கள் சேர்ந்து உடைந்திருந்தால் உள்பக்கம் 4 செ.மீ. பின்னல் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கவும். மீந்த மூன்று மீட்டர் பின்னலை இதற்காகவே, தொப்பி இருக்கும் அதே வெளிச்சத்தில் தொங்கவிட்டிருந்தால் நிறமும் கூடவே முதிர்ந்து ஒத்துப்போகும்.